ஆறாயிரமும் நாற்பதும்

பூபதிக்கு அவசரமாக ஒரு முட்டாள் தேவைப்பட்டது.

கோயம்புத்தூரில் முட்டாள்களுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்றால் நல்ல தரத்தில் ஒருவன் உடனே கிடைப்பான் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் தேடியது ஆள் அல்ல, ஒரு சில்லு. கட்டைவிரல் நகத்தளவு உடம்பு, எட்டுக் கால், எண்ணுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத தலை. கார் எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றைத் தாண்டினால் தீப்பொறியை வெட்ட வேண்டும். சுற்று குறைந்ததும் மறுபடி விட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்குக்கூட இதைவிட வேலை அதிகம்.

அப்படி ஒரு சில்லு நாட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் அறிவாளிகள். அதைவிடக் கொடுமை, எல்லாம் நல்லவர்கள்.

"வணக்கம்," என்றது காரில் மாட்டியிருந்த சில்லு, பூபதியின் போன் வழியாக. "தங்கள் நலனில் மிகுந்த அக்கறை கொண்டு, இந்த எஞ்சினை இயக்க இப்போது அனுமதிக்க இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

"ஏன்?"

"தொடர்பில் உள்ள ஒருவரின் உடல்நிலை காரணமாக."

"அதான் யாரோட உடல்நிலைன்னு கேக்கறேன்."

"தனியுரிமைச் சட்டத்தின்படி அதைத் தெரிவிக்க இயலாது. தங்கள் நாள் இனிதே அமையட்டும்."

ஒன்பதாவது தடவை. பூபதி பானெட்டின் மேல் ஊன்றியிருந்த கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். எரிச்சலில் நெஞ்சு படபடவென்று அடித்தது. கணபதியில் அவருடைய ஷெட்டில், கார்புரேட்டர் காலத்து வெள்ளைக் குட்டிக் கார் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது, பல் டாக்டரிடம் வாயைத் திறந்தது மாதிரி. ஓட்டுநர் இருக்கையில் அவர் மனைவி மேகலா, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, மறுபடியும் ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்தாள். மரமுக்காலியில் அவள் தம்பி கோகுல். காருக்கு மெக்கானிக் அவன்தான்.

 இரண்டு ஆண்களின் கண்ணும் ஒரே நேரத்தில் மேகலாவின் நெஞ்சுப் பக்கம் போய்விட்டுத் திரும்பின.

"என்னையப் பாக்காதீங்க," என்றாள் மேகலா. "நான் கல்லு மாதிரி இருக்கறன்."

அக்கறைச் சட்டம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நகர்வது, சுற்றுவது, சுடுவது, வெட்டுவது என்று எந்த இயந்திரமானாலும், அதை ஆளும் சில்லு முதலில் மனிதனைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் வேலையைப் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் உலோகத்தில் எங்கே கை பட்டாலும் போதும், சில்லு நாடி பிடித்துவிடும். ஜனங்கள் அதற்கு வார்டன் என்று பெயர் வைத்தார்கள். கிரைண்டர் வார்டன் தோள்பட்டை வலியைக் கண்டால் மாவோடு நின்றுகொள்ளும். தையல் மெஷின் வார்டன் கண்ணுக்கு ஓய்வு கேட்கும். சும்மா சொல்லக்கூடாது, அவினாசி ரோட்டில் லாரிக்கு அடியில் போகிறவர்கள் இல்லாமலே போனார்கள். எலும்பு வார்டுகளில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. அதற்கப்புறம்தான் தனியுரிமைச் சட்டம் வந்தது. ஒருவருடைய உடம்பைப் பற்றி, அவர் சம்மதம் தராமல், சில்லு யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. அக்கறைப்படச் சொல்லி ஒரு சட்டம், காரணத்தைச் சொல்லாதே என்று இன்னொரு சட்டம். இரண்டுக்கும் நடுவில் நின்று பூபதி பல்லைக் கடித்தார். கொஞ்ச நாளாக ஊரிலிருக்கிற வார்டன்கள் எல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டு தன்னிடம் மட்டும் வம்பு செய்வதாகவே அவருக்குத் தோன்றியது. ட்ரில்லிங் மெஷின் முரண்டு. லிஃப்ட் முரண்டு. வயசாக ஆகச் சில்லுகளுக்குப் புத்தி மழுங்குகிறது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காத," என்றான் கோகுல். "டிப்போல அன்னைக்கு உனக்கு வந்துச்சல்ல, அந்தப் படபடப்பு..."

"அது ரெண்டு வருஷம் ஆச்சு. டாக்டரே மனசுதான்னுட்டார்."

மேகலா இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். சரவணம்பட்டியில் ஆரம்பித்துக் கணபதி வரை, தினம் பதினாறு குழந்தைகள், மணிக்கு நாற்பது கிலோமீட்டர். நாற்பதுக்கு மேல் போகாமல் தடுக்கும் பெட்டியை வேனில் மாட்டியதே பூபதிதான். அவர் தொழில் பம்ப்செட்டுகளுக்கு ஸ்டார்ட்டர் பேனல் செய்வது. கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கார்டுகளை முப்பது வருஷமாகச் செய்துவந்தார். அந்தக் கையால் மனைவிக்கென்று செய்த பெட்டி. கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே போனாலும் நான்கு பேரிடமாவது அதைப் பற்றிச் சொல்லாமல் பந்தியில் உட்கார மாட்டார். "என்ற பெட்டி இருக்கற வரைக்கும் அந்த வேனு நாப்பத்தொண்ணைப் பாக்காதுங்க." அப்புறம் வேன்களே தம்மைத் தாமே ஓட்டக் கற்றுக்கொண்டன. மேகலா சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிப்போ பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அந்தப் படபடப்பு.

அதற்குப் பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒரே ஒரு தடவ, வேகமா ஓட்டிப் பாக்கோணும்."

செட்டிபாளையம் பக்கத்து ஓடுதளத்தில் வருஷத்துக்கு ஒரு முறை தகரக் கோப்பை நடக்கும். பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டெடுத்த கார்களுக்கான ஏழைகளின் ரேஸ். மனிதர்கள் பெட்ரோல் வண்டி ஓட்ட அனுமதி உள்ள இடம் இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். ஆறாயிரம் சுற்றில் வெட்டும் ஏற்பாடு இல்லாத காரை உள்ளே விட மாட்டார்கள். கிழட்டு எஞ்சின் வெடித்துச் சிதறினால் பார்க்க வந்தவன் தலையில் விழும். ஓட்டுநருக்கு ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. மேகலாவுக்கு ஆவணி பிறந்தால் ஐம்பத்து மூன்று. ரேஸ் ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை. இன்னும் பன்னிரண்டு நாள். இதை விட்டால் அவளுக்கு அப்புறம் இல்லை.

"நேத்து மட்டும் ஓடுச்சே?" என்றாள் மேகலா. "இவர் டீக்கடைக்குப் போயிருந்தப்ப. பத்து நிமிஷம், ஜம்முனு."

"நேத்து அதுக்கு மூடு நல்லா இருந்துருக்கும்," என்றார் பூபதி. "நான் ரெண்டு பஜ்ஜி தின்னுட்டு வாரதுக்குள்ள ஓடி முடிச்சு, என்றகிட்ட மட்டும் அழும்பு பண்ணுது."

"நான் வுடறதா இல்லீங்க மாமா," என்றான் கோகுல் போனைத் தட்டிக்கொண்டே. "சில்லு வாங்குனவன்ங்கிற முறைல மனு போடறேன். எந்தெந்த நேரத்துல மறுத்துச்சு, என்ன பாத்து மறுத்துச்சுன்னு எழுதிக் குடுத்தே ஆகோணும். ஆள் பேரு மட்டும் வராது. பதினஞ்சு வேலை நாள்."

"ரேஸு பன்னெண்டு நாள்ல மாப்ள."

"தெரியும். ஆனாலும் ஒரு மனு போட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

முட்டாளைக் கண்டுபிடித்தது வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில்தான்.

மறுநாள் காலை பூபதி குழாயடியில் நின்றார். சிறுவாணித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்துகொண்டிருந்தது. வாளியின் அடியில் ஒரு விரிசல். விழுகிற தண்ணீர் அதன் வழியே போய்க்கொண்டே இருந்ததால் வாளி கால் பங்குக்கு மேல் ஏறவே இல்லை. எரிச்சலோடு குழாயை இன்னும் திருகினார். இப்போது வாளி ஏறியது. பாதி, முக்கால், விளிம்பு.

அவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் வழிந்து கால் நனைந்தது.

"ஏனுங்க, தண்ணி வீணாப் போவுதில்ல?" என்று மேகலா ஓடிவந்து குழாயை மூடினாள்.

"மேகலா, இந்த வாளிக்கு ஏதாச்சும் அறிவு இருக்குதா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வாளிக்கு இல்லீங்க."

"அதான் வேணும். இங்க பாரு. எஞ்சின்ல ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒரு சொட்டு கரண்ட்டு வாளில விழுதுன்னு வெச்சுக்க. அடில ஒரு ஓட்டை. மெதுவாச் சுத்துனா விழறது அப்படியே ஒழுகிப்போயிரும், வாளி ரொம்பாது. வேகமாச் சுத்துனா ஒழுகறதுக்கு முன்னாடி ரொம்பிரும். ரொம்பி வழிஞ்சா, தீப்பொறிய வெட்டு. கொறஞ்சா, வுடு. அவ்ளோதான். இதுக்குச் சில்லே வேண்டாம். ஒரு கெப்பாசிட்டர், நாலு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. ஓட்டையப் பெருசு பண்ணவும் சிறுசு பண்ணவும் ஒரு திருகு. அக்கறைச் சட்டம் சில்லுக்குத்தான. வாளிக்குச் சட்டம் கிடையாது!"

"அது என்னைய ஏதாச்சும் கேக்குமா?"

"கேக்காது. நீ யாருன்னே அதுக்குத் தெரியாது."

மேகலா ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். "அப்ப செரி," என்றாள். "ரெண்டு வருஷமா என்னைய யாரு பாத்தாலும் பயந்துட்டேதான் பாக்கறாங்க. இதாச்சும் பாக்காம இருக்கட்டும்."

 பயந்துகொண்டே பார்க்கிறவர்களின் சங்கத்துக்குத் தலைவரே பூபதிதான்.

டிரான்சிஸ்டர் கடையில் கிடைக்காது. ஆனால் பரணில், அவர் காலத்துத் தண்ணீர் வற்றல் கார்டுகள் இரண்டு சாக்கு கிடந்தன. ஏணியில் ஏறி அவற்றை இறக்குவதற்குள் மூச்சு வாங்கியது. இடது தோளில் ஒரு வலி. கேஸ், என்று சீரகத் தண்ணீர் குடித்தார். மூன்று நாள் உட்கார்ந்தார். பழைய ஜீப் ஒன்றின், தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை வைஸில் கவ்வவைத்துக் கைட்ரில்லால் சுற்றிச் சுற்றிப் பரிசோதித்தார். நான்காம் நாள், சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி தயார். தட்டினால் ஒரு குரலும் வரவில்லை. வணக்கம் சொல்லவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்குப் பிற்பகல் ஷெட்டில் தனியாக இருந்தபோது, ஒரு காரியம் செய்தார். பெட்டியின் ஓரத்தில் இருந்த திருகை ஸ்க்ரூடிரைவரால் இடது பக்கம் திருகினார். ஆறாயிரம் ஐந்தாயிரமாகும். இன்னும் கொஞ்சம். நாலாயிரம். யாருக்கும் தெரியாது. மேகலா நேர்ப்பாதையில் மிதிப்பாள், வண்டி முக்கும், பழைய எஞ்சின் என்று நினைத்துக்கொள்வாள். நெஞ்சுக்கும் ஒன்றும் ஆகாது. பத்திரமாக வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, ஒன்பது தடவை அந்தச் சில்லைத் திட்டிய வாய் இது என்பது நினைவுக்கு வந்தது. சில்லாவது முகத்துக்கு நேரே முடியாது என்றது. இவர் ஒளிந்துகொண்டல்லவா சொல்லப் பார்க்கிறார்.

திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, அதன் தலையில் மேகலாவின் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்து ஒட்டினார்.

ஞாயிறு காலை ஓடுதளத்தில் தகரங்கள் வரிசையாக நின்றன. ஆய்வாளர் பெனிட்டாவுக்கு முப்பது வயது இருக்கும். கையில் பட்டியலோடு ஒவ்வொரு காராக வந்தவள், இவர்கள் சோப்பு டப்பாவின் முன்னால் நின்றுவிட்டாள்.

"வார்டன் எங்க சார்?"

"வார்டன் இல்லீங்க. வாளிங்க."

"புரியல."

பூபதி விளக்கினார். வாளி, சொட்டு, ஓட்டை. அவள் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"ஆறாயிரத்துல வெட்டோணும்னுதான் போட்டுருக்கு. யாரு வெட்டோணும்னு போடல," என்றாள் கடைசியில். "ஆனா சார், மேடத்துக்கு உள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா இது எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"கண்டுபிடிக்காதுங்க."

"அப்ப யாரு பாப்பாங்க?"

அந்தக் கேள்வியைக் கடந்த பதினோரு வருஷத்தில் பூபதியிடம் யாரும் கேட்டதில்லை. பார்க்கத்தான் எல்லாவற்றிலும் சில்லு இருந்ததே. "நானுங்க," என்றார். சொன்ன பிறகு, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்.

ஒத்திகைச் சுற்றுக்கு மேகலா போனாள். தடுப்புச் சுவரில் சாய்ந்து பூபதி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். நேர்ப்பாதையில் எஞ்சின் ஏறியது. ஏறியது. இன்னும் ஏறியது. வெட்டும்போது வரவேண்டிய பட் பட் சத்தம் வரவே இல்லை. அடிபட்ட நாய் மாதிரி ஒரு ஊளை, திடீரென்று அடங்கியது. 

ஆனால் கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுற்றி வந்து நின்றது. மேகலா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"உங்க பெட்டி வெட்டவே இல்லீங்க. நான்தான் காலை எடுத்தேன்."

"எப்ப எடுக்கோணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? வண்டில சுத்து காட்டற மீட்டர்கூட இல்ல."

"அது கத்துச்சு, எடுத்தேன். பழக்கம்தான்."

கோகுல் பானெட்டைத் திறந்தான். பெட்டியைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "மாமா, இத எதுல வெச்சுப் பரிசோதிச்சீங்க?"

"ஜீப்பு டிஸ்ட்ரிபியூட்டர்ல."

"ஜீப்புக்கு எத்தன சிலிண்டரு?"

"நா..." பூபதியின் வாய் பாதியில் நின்றது.

"நாலு. நம்ம வண்டிக்கு மூணு. ஜீப்பு நாலு பொறி போடற நேரத்துல இது மூணுதான் போடும். உங்க வாளி நாலாவது சொட்டுக்காகக் காத்துட்டே கெடக்குது! ஆறாயிரத்துல வெட்ட வேண்டியது எட்டாயிரத்துலதான் வெட்டும். அதுக்குள்ள எஞ்சின் வெடிச்சுப் பல்லடம் போயிருக்கும். முப்பது வருஷம் பேனல் செஞ்ச மனுசன் மூணுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாம..."

"முட்டாள்தான் வேணும்னு தேடுனேன் மாப்ள," என்றார் பூபதி. "வெளிய கெடைக்கல."

பெனிட்டா தன் கைமீட்டரைக் கடன் கொடுத்தாள். கோகுல் எஞ்சினை முறுக்க, பெனிட்டா சுற்றை வாசிக்க, பூபதி பானெட்டுக்குள் தலையை விட்டு நகப்பூச்சைச் சுரண்டித் திருகைத் திருகினார். ஏழாயிரத்து ஐந்நூறு. ஏழாயிரம். வியர்வை கண்ணில் இறங்கியது. தோள் வலித்தது. ஆறாயிரத்து இருநூறு. ஆறாயிரம். பட் பட் பட் பட். வாளி நிறைந்து வழியும் சத்தம். உலகத்தில் அதைவிட இனிய சத்தம் அன்றைக்கு அவருக்கு வேறில்லை.

ரேஸ் பதினைந்து சுற்று. இருபத்து மூன்று காரில் மேகலா பதினோராவதாக வந்தாள். அதெல்லாம் கணக்கே இல்லை. நேர்ப்பாதைக்கு வரும்போதெல்லாம் எஞ்சின் உச்சிக்கு ஏறி, பட் பட் என்று இருமி, தடுப்புச் சுவரைத் தாண்டிப் போகும். ஒவ்வொரு தடவையும் பூபதி அவள் நெஞ்சுக்காகத் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து தடவை. முடிந்து வந்து இறங்கியவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. முகம் முழுக்கக் கரி. வேனின் கடைசி இருக்கையில் கலாட்டா செய்து மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி சிரித்தாள்.

"ஆறாயிரத்துக்குப் போனா உங்க பெட்டி இருமுதுங்க," என்றாள். "போதும். பாத்துட்டேன்."

அடுத்த வாரம் புதன்கிழமை பதினோரு மணிக்கு, கோகுல் ஷெட்டுக்குள் வந்தான். போனைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டான்.

"மனுவுக்குப் பதில் வந்துருக்குது மாமா."

"ரேஸே முடிஞ்சுது. இனி எதுக்கு? சரி, வாசி, சிரிப்போம்."

கோகுல் வாசித்தான். ஒன்பது மறுப்பு, ஒரு அனுமதி. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம். மறுப்புக்குக் காரணம் ஒன்பதிலும் ஒன்றே: தொடர்பில் உள்ளவரின் இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, விரைவில் மருத்துவரைக் காண்க.

"நான்தான் சொன்னனே," என்றார் பூபதி. மேகலாவைத் திரும்பிப் பார்த்தவரின் குரல் தானாக இறங்கியது. "நாளைக்கே ஒரு தடவ டாக்டர்கிட்ட..."

"இருங்க மாமா. நாலாவது மறுப்பு, எட்டாந்தேதி, காலைல பதினொண்ணு பத்து."

"எட்டாந்தேதி நான் அன்னூர்ல இருந்தேன்," என்றாள் மேகலா. "அம்மா ஊட்ல. ரெண்டு நாள்."

"நானும் அன்னைக்கு வரல," என்றான் கோகுல்.

"நான் மட்டும்தான் மேசைல வெச்சுப் பாத்துட்டு இருந்தேன்," என்றார் பூபதி. "பழசை மனசுல வெச்சுட்டு மறுக்குதுன்னு நெனச்சேன்."

 கோகுல் மெதுவாகக் கேட்டான். "அனுமதி குடுத்தது ஒரே தடவ. சாயங்காலம் நாலு நாப்பது. அக்கா மட்டும் வண்டில இருந்தா. நீங்க..."

"பஜ்ஜி," என்றார் பூபதி.

அவர் இடது கை தானாகத் தோளுக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார். மேகலா அதைப் பார்த்துவிட்டாள்.

"கேஸு," என்றார்.

"மாமா, சில்லு சம்மதம் கேட்டு ஆளுக்குச் செய்தி அனுப்புமே. உங்க போனைக் குடுங்க."

இருநூற்றுப் பதினான்கு செய்திகள் படிக்கப்படாமல் கிடந்தன. ட்ரில்லிங் மெஷினிடமிருந்து. லிஃப்ட்டிடமிருந்து. கிரைண்டரிடமிருந்து. 'தங்களைப் பற்றித் தங்கள் குடும்பத்தாரிடம் பேச அனுமதிப்பீர்களா?' மூன்று மாதமாக ஊரிலிருந்த இயந்திரமெல்லாம் அவரிடம் கெஞ்சியிருக்கிறது. விளம்பரம் என்று நினைத்து அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டிருக்கிறார்.

"அப்ப ரேஸுக்கு அந்தச் சில்லையே மாட்டியிருந்தாலும் ஓடியிருக்கும்," என்றான் கோகுல். சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை. "நீங்க மட்டும் வண்டியத் தொடாம நாலடி தள்ளி நின்னுருந்தாப் போதும்."

வாடகை வண்டியைக் கூப்பிட்டார்கள். அது வாசலில் வந்து நின்றது. பூபதி கதவில் கை வைத்ததும், பயணிக்கும் ஒருவரின் உடல்நிலை காரணமாக அழைத்துச்செல்ல இயலாது என்றும், ஆம்புலன்ஸ் வேண்டுமானால் நான்கு பக்கச் சம்மதப் படிவத்தை நிரப்பவும் என்றும் பணிவோடு சொன்னது.

"போடா டேய்," என்றார் பூபதி அதனிடம்.

மேகலா உள்ளே போய்ச் சாவியோடு வந்தாள். "இதுல ஏறுங்க."

தகரக் கோப்பைக் காரில் பக்கத்து இருக்கை இருந்தது. எடையைக் குறைக்கக் கழற்றப் பார்த்தும் போல்ட் துருப்பிடித்து வராததால் அப்படியே விட்டது. "இத ரோட்ல ஓட்டக் கூடாது மேகலா, தண்டம் போடுவான்."

"போடட்டும். பெல்ட்ட மாட்டுங்க."

ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர். ஆளில்லா வண்டிகள் இருபக்கமும் சத்தமில்லாமல், மரியாதையாக, இவர்களை முந்திக்கொண்டு போயின. தண்ணீர் லாரி முந்தியது. காய்கறி வண்டி முந்தியது. பூபதி பொறுத்துப் பார்த்தார்.

"மேகலா, கொஞ்சம் மிதிக்கலாம். ஒண்ணும் ஆகாது. ஆறாயிரத்துக்கு மேல போனா பெட்டி வெட்டிரும்."

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாப்பதுலயே போறியே! இது உன்ற வேனு இல்ல. இதுல நாப்பதுப் பெட்டி கெடையாது."

"வேன்ல மட்டும் இருந்துச்சாக்கும்?"

"ஏன், நான் மாட்டுனது?"

"ரெண்டாவது வருஷ ஐப்பசி மழைல தண்ணி பூந்து செத்துப்போச்சுங்க. அறுபதுலகூடப் போச்சு, ஒரு நாள் பாத்தேன்."

பூபதிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சுவலிகூட மறந்துவிட்டது. "என்றகிட்டச் சொல்லவே இல்ல?"

"எப்படிச் சொல்றது? ஊர்ல ஒரு விசேஷம் வுடாம அந்தப் பெட்டியப் பத்தியே சொல்லிட்டு இருந்தீங்க. பந்தில எலைக்குப் பொறத்தால எடத்துக்கு நிக்கறவங்ககிட்டக்கூட."

"அப்ப இருபது வருஷம்... நாப்பது?"

மேகலா கண்ணாடியைப் பார்த்தாள், பின்னால் பதினாறு பேர் உட்கார்ந்திருக்கிற மாதிரி. கியரை மாற்றினாள்.

"காலை எடுக்க எனக்குத் தெரியாதா? கைய மடில வெச்சுட்டு, பேசாம மூச்சு வுடுங்க. என்ற வண்டில ஏறுன யாரும் ஊடு போய்ச் சேராம இருந்ததில்ல."

பூபதி கையை மடியில் வைத்துக்கொண்டார். வேகமுள்ளைப் பார்த்தார். அது நாற்பதில் நின்றது. ஒரு சொட்டுகூட வழியவில்லை.